பழைய, நிறைய ஓடிய ஸ்னோமொபைல்: பராமரிப்பும் இன்ஜின் வேலையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் வடக்கு ஒன்டாரியோவில் முதல் பனி விழுந்த வாரமே எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். புது ஸ்னோமொபைல், அதாவது பனிமேல் ஓடும் வண்டி, விற்கிற விலைக்கு நல்ல பழைய கார் ஒன்றே வாங்கிவிடலாம் என்பதால், தெரிந்தவர்கள் எல்லாம் 15, 20 வருடப் பழைய வண்டியாகப் பார்த்து வாங்குகிறார்கள், அப்புறம் ஒரே சந்தேகத்தை ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். பெரும்பாலும் பேசுவது 1990-களின் நடுவிலிருந்து 2010 வாக்கில் வரை வந்த டூ-ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றி: ஸ்கி-டூ, பொலாரிஸ், ஆர்க்டிக் கேட், யமஹா. வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுத்தான் போகும்.

எத்தனை கிலோமீட்டர் ஓடினால் நிறைய ஓடிய வண்டி என்று அர்த்தம்?

தண்ணீரில் குளிரும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் 10,000 கிலோமீட்டர் தாண்டியதும் பிஸ்டனைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கலாம், 16,000 என்றால் எல்லோருமே நிறைய ஓடியது என்றுதான் சொல்வார்கள். யமஹாவின் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, 30,000 ஓடியும் உள்ளே கை வைக்காமல் ஓடுகிறவை ஏராளம். ஒன்று கவனியுங்கள், அமெரிக்காவிலிருந்து வந்த வண்டியில் மீட்டர் மைலில் இருக்கும். 10,000 என்று இருந்தால் உண்மையில் அது 16,000 கிலோமீட்டர்.

எண்ணைவிட எப்படி ஓட்டினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். காட்டு டிரெயிலில் மிதமாக ஓடிய 14,000, உறைந்த ஏரிமேல் த்ராட்டிலை முழுக்க அழுத்திப் பிடித்தே ஓடிய 6,000-ஐவிட நல்ல நிலையில் இருக்கும்.

2001 மாடல், மீட்டரில் 4,000 தான் காட்டுகிறது. நம்பலாமா அண்ணா?

மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். பழைய வண்டிகளில் மீட்டர் கேபிளில் ஓடும், கேபிள் அறுந்தால் எண் அப்படியே நின்றுவிடும், யாரும் அவசரப்பட்டு மாற்றவும் மாட்டார்கள். கால் வைக்கும் பலகையில் பெயின்ட் தேய்ந்திருக்கிறதா, பிரேக் டிஸ்க்கில் படி விழுந்திருக்கிறதா, ஸ்கியை, அதாவது முன்னால் இருக்கும் சறுக்குப் பலகையை, பிடித்து ஆட்டினால் எவ்வளவு ஆடுகிறது, இதெல்லாம் பொய் சொல்லாது.

சரி, நிஜமாகவே 4,000 தான் என்றே வைத்துக்கொள்வோம். 20 வருடத்தில் 4,000 என்றால் வண்டி பெரும்பாலும் ஷெட்டில் சும்மா நின்றிருக்கிறது. கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பர் பூட் வெடித்திருக்கும், பெட்ரோல் ஹோஸ் கல்லாகியிருக்கும், பம்ப்பில் உள்ள டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) விறைத்திருக்கும், கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) சீல் காய்ந்திருக்கும், எலி உள்ளே கூடு கட்டியிருக்கும். இதையெல்லாம் மாற்றாமல் ஏரியில் இறங்கினால் குறைவாக ஓடிய வண்டிதான் முதலில் சீஸ் ஆகும், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும்.

வாங்கப் போகும்போது என்ன கொண்டு போகணும், எதைப் பார்க்கணும்?

கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தத்தை அளக்கும் மீட்டர்), பிளக் ஸ்பேனர், டார்ச். போதும். போவதற்கு முன்பே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று. குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட்டர் கயிற்றின் எத்தனை இழுப்பில் கிளம்புகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

பின்பக்கத்தைத் தூக்கி டிராக்கை, அதாவது வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டையை, கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் சின்னச் சக்கரங்களின் பேரிங்கோ டிரைவ் ஷாஃப்ட் பேரிங்கோ போய்விட்டது. சக்கர பேரிங் பெரும்பாலும் எந்தத் தொழிற்சாலைக் கடையிலும் கிடைக்கும் பொது அளவுதான், பயப்பட வேண்டாம். டனல், அதாவது டிராக்குக்கு மேலே இருக்கும் அலுமினியப் பெட்டி, வளைந்திருந்தாலோ சஸ்பென்ஷன் போல்ட் பக்கம் விரிசல் இருந்தாலோ விலையைப் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். கடைசியாக, இன்ஜின் நின்றிருக்கும்போது டிராக்குக்குச் சக்தி கொண்டு போகும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, இன்ஜின்மேல் இருக்கும் முன் கிளட்ச்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டமே இருக்கக் கூடாது. இருந்தால் கிராங்க் பேரிங் போயிற்று என்று எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

கம்ப்ரஷன் 110 வந்தது, போச்சா?

முதலில் எப்படி அளந்தீர்கள்? இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் கேப்களை எர்த்தில் மாட்டி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை இழுத்திருக்க வேண்டும். த்ராட்டில் மூடியிருந்தால் நல்ல இன்ஜினும் செத்ததுபோலக் காட்டும். கார்புரேட்டர் வைத்த 500, 600 சிசி டிரெயில் இன்ஜின்களில் பெரும்பாலும் 120-இலிருந்து 135 பிஎஸ்ஐ வரை வரும், ஆனால் கேஜுக்குக் கேஜ் மாறும், மாடலுக்கு மாடலும் மாறும்.

நான் பார்ப்பது இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசத்தை. 110, 112 என்றால் இரண்டும் சேர்ந்து தேய்ந்திருக்கிறது, இந்த சீசனை ஓட்டிவிட்டு வசந்தத்தில் பிரிக்கலாம். 125, 105 என்றால் ஒரு பக்கத்தில் ஏதோ நடந்திருக்கிறது. வித்தியாசம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் ஓட்டாதீர்கள், எக்ஸாஸ்ட்டைக் கழற்றி டார்ச் அடித்து பிஸ்டனில் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, கம்ப்ரஷன் நன்றாக வந்தால் மேல்பாதி நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். கிராங்க் பேரிங், சீல் பற்றி அந்த கேஜ் ஒரு வார்த்தையும் சொல்லாது.

வருடா வருடம் கட்டாயம் செய்ய வேண்டியது என்ன?

செயின்கேஸ் (டிராக்கைச் சுற்றும் செயின் இருக்கும் பெட்டி) ஆயிலை மாற்றுங்கள். வெறும் கால் லிட்டர் சமாச்சாரம், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வெளியே வரும் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, சின்ன மினுமினுப்பு சாதாரணம், துண்டு துண்டாக உலோகம் வந்தால் மூடியைத் திறந்து செயினையும் பேரிங்கையும் பார்த்தே ஆக வேண்டும். சஸ்பென்ஷனில் கிரீஸ் நிப்பிள் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள்.

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவ வேண்டும். மிக்குனி கார்புரேட்டரில் பைலட் ஜெட், அதாவது பெட்ரோல் போகும் சின்னக் குழாய், அதன் துளை முடியளவுதான், பழைய பெட்ரோல் பிசின் அதை அடைத்துவிடும். எக்ஸாஸ்ட் வால்வு உள்ள இன்ஜின் என்றால் (ஸ்கி-டூவில் வரும் ரோடாக்ஸ் இன்ஜினில் ரேவ் என்பார்கள்) வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டுங்கள். ஊரில் ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்களுக்கு சைலன்சர் கரி எடுத்த ஞாபகம் இருக்கும், அதே வேலைதான். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றினால் நல்லது.

பெல்ட் மாற்றி மாற்றிச் சலித்துவிட்டது. மலிவு பெல்ட் போட்டதுதான் காரணமா?

ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் நல்ல பெல்ட்டும் கிழிகிறது என்றால் முன் கிளட்ச்சும் பின் கிளட்ச்சும் நேர்கோட்டில் இல்லை. இன்ஜின் மவுன்ட் ரப்பர் தளர்ந்தால் முழு த்ராட்டிலில் இன்ஜினே பின்னால் இழுபடும், நிற்கும்போது அளந்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அதனால் முதலில் மவுன்ட்டைப் பாருங்கள், பிறகு அளவு.

கிளட்ச் தட்டுகளை அசிட்டோன் போட்டுத் துணியால் துடையுங்கள். கிரீஸ், டபிள்யூடி-40 எதுவும் அதன்மேல் படக் கூடாது. குளிர்ந்த பெல்ட்டோடு கிளம்பியவுடன் த்ராட்டிலை முறுக்குவதும் பெல்ட்டைக் கொல்லும். −30-இல் பெல்ட் பலகைபோல விறைத்திருக்கும், முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள்.

வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் முன்புபோல வேகம் இல்லை. இன்ஜின் இறக்கணுமா?

பொறுங்கள். முழு த்ராட்டிலில் டாக்கோமீட்டர் எவ்வளவு காட்டுகிறது? உங்கள் இன்ஜினுக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் ஆர்பிஎம் (600 கார்புரேட்டர் ரோடாக்ஸ் என்றால் 8,000 பக்கம்) வருகிறது, ஆனால் வேகம் வரவில்லை என்றால் சக்தி வழியில் எங்கோ போகிறது: பெல்ட் தேய்ந்து மெலிந்துவிட்டது, பிரேக் ஒட்டிக்கொண்டு இழுக்கிறது, டிராக் அளவுக்கு மேல் இறுக்கமாக இருக்கிறது, பேரிங் ஒன்று செத்துக்கொண்டிருக்கிறது. ஓட்டி நிறுத்தியதும் கையை டிஸ்க் பக்கத்தில் கொண்டு போய்ப் பாருங்கள், தொட வேண்டாம், சூடு தெரியும்.

ஆர்பிஎம்மே வரவில்லை என்றால் கம்ப்ரஷன், ரேவ் வால்வு, கார்புரேட்டர், முன் கிளட்ச் ஸ்பிரிங், இந்த வரிசையில் பாருங்கள். நிறைய ஓடிய வண்டியில் ஸ்பிரிங் சோர்ந்துபோவதும் கிளட்ச் ரோலர், புஷ் தேய்வதும் சர்வ சாதாரணம். ஸ்கி-டூவின் டிஆர்ஏ கிளட்ச்சில் 1 முதல் 6 வரை எண் வைக்கும் மூன்று திருகுகள் உண்டு, ஒரு படிக்கு சுமார் 200 ஆர்பிஎம் மாறும். சிலர் தேய்மானத்தை மறைக்க அதைத் திருகி வைத்து விற்கிறார்கள், மூன்று திருகும் ஒரே எண்ணில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டிராக்குக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உருகுற வாசனை வருது.

ஸ்லைடு. டிராக் வழுக்கி ஓடும் இரண்டு நீளமான பிளாஸ்டிக் பட்டைகள், ஹைஃபாக்ஸ் என்று கேட்டால் கடையில் தருவார்கள். பனிதான் அதற்கு எண்ணெய், பனிதான் அதற்குத் தண்ணீர். வெறும் பனிக்கட்டியிலும் தார் ரோட்டிலும் ஓட்டினால் உருகி டிராக்கில் ஒட்டும். லிக்விட் கூல்ட் வண்டியில் டனலுக்குள் இருக்கும் ரேடியேட்டர்களுக்கும் இதே கதை, டிராக் வாரி அடிக்கும் பனி இல்லையென்றால் இன்ஜின் சூடேறும். ஐஸ் ஸ்கிராட்சர், அதாவது பனிக்கட்டியைக் கீறித் தூளைத் தெறிக்கவிடும் கம்பி, ஒரு ஜோடி மாட்டிவிடுங்கள், மலிவு.

பட்டையின் பக்கத்தில் இருக்கும் தேய்மான வரி தெரியாமல் போனால் மாற்றும் நேரம். மாற்றும்போதே பட்டை மாட்டியிருக்கும் ரெயிலில் விரிசல் இருக்கிறதா, டிராக்கின் உள்ளே கம்பி உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இதற்காக இன்னொருமுறை யாரும் பிரிக்கப் போவதில்லை.

ஒரு பிஸ்டன் சீஸ் ஆயிடுச்சு. அந்த ஒண்ணை மட்டும் மாத்திட்டு ஓட்டலாமா?

எனக்கு வருகிற கேள்விகளிலேயே அதிகம் இதுதான், இதில்தான் காசும் அதிகம் வீணாகிறது. புது பிஸ்டன் போட்டு அதே மாதம் அதே சிலிண்டர் மறுபடி போய் நிற்கிறவர்கள் எத்தனையோ பேர், காரணத்தைத் தேடாததுதான் காரணம். பழைய பிஸ்டனைத் தூக்கிப் போடாதீர்கள். அதைப் படிக்க வேண்டும்.

எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உராய்ந்து, தலைப்பகுதி வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்: அடைத்த ஜெட், வெடித்த பூட், கசியும் கிராங்க் சீல். சுற்றிலும் நான்கு இடத்தில் சமமாகச் செங்குத்துக் கோடு விழுந்திருந்தால் குளிர்ந்த இன்ஜினை உடனே முறுக்கியிருக்கிறார்கள், பிஸ்டன் சூடாகி விரிந்துவிட்டது, சிலிண்டர் இன்னும் குளிரில் சுருங்கியே இருந்தது. இன்டேக் (காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும்) பக்கம் உட்பட எல்லாப் பக்கமும் உராய்ந்திருந்தால் ஆயில் போகவில்லை. நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் உள்ளே நாக்கிங், மோசமான பெட்ரோலாகவோ தவறான ஜெட்டாகவோ இருக்கலாம். இன்டேக் பக்கத்தில் பிஸ்டனின் அடிச்சுவர் (பாவாடை என்பார்கள்) மட்டும் உடைந்திருந்தால் அது வயசுதான், பிஸ்டன் தேய்ந்து சிலிண்டருக்குள் அடித்து அடித்து உடைந்திருக்கிறது.

கேட்டதற்கு நேரடிப் பதில்: இரண்டையும் மாற்றுங்கள். ஒரே கிலோமீட்டர் ஓடிய இரண்டாவது பிஸ்டன் மட்டும் எப்படிப் புதிதாக இருக்கும்? பிஸ்டன், ரிங், பின், சின்ன ஊசி பேரிங், கேஸ்கெட் எல்லாம் செட்டாகவே வரும். பின்னை வெளியே வராமல் பிடிக்கும் கம்பி வளையமான சர்க்ளிப் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பழையதைத் திரும்பப் போடாதீர்கள். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட்டைப் பார்த்து இருக்க வேண்டும்.

காற்று கசிகிறதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், இன்ஜினைக் கட்டும் எல்லோரும் கட்டாயம் செய்ய வேண்டியதும் அதுதான். இன்டேக், எக்ஸாஸ்ட், பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் பல்ஸ் குழாய், ரேவ் துளை எல்லாவற்றையும் ரப்பராலும் தகட்டாலும் அடைத்துவிட்டு, கைப் பம்ப்பால் காற்றை ஏற்றுங்கள். ரோடாக்ஸுக்கு 5 பிஎஸ்ஐ, அதற்கு மேல் போகக் கூடாது, போனால் சீலையே நீங்கள் பிதுக்கிவிடுவீர்கள். 3 நிமிடம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தெளித்து எங்கே குமிழி வருகிறது என்று பாருங்கள்.

இரண்டு சிலிண்டரையும் தனித்தனியாகச் சோதியுங்கள். கிளட்ச் பக்கம், அதாவது பிடிஓ பக்கம், சீலில் குமிழி தெரிய வேண்டுமென்றால் முன் கிளட்ச்சைக் கழற்றியாக வேண்டும், அதற்கென்று உள்ள புல்லர் போல்ட் இல்லாமல் நெம்பாதீர்கள், சுத்தியல் பக்கமே போகாதீர்கள். முந்தைய பதிலில் சொன்ன வெளுத்த பிஸ்டன் வந்த வண்டியில் இந்தச் சோதனை செய்யாமல் புது பிஸ்டன் போடுவது வெட்டிச் செலவு.

சிலிண்டரில் கோடு விழுந்திருக்கிறது. ஊரில்போல போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாமா?

உள்ளே இரும்பு ஸ்லீவ் இருந்தால் போடலாம். பழைய ஃபேன் கூல்ட் இன்ஜின்கள் பல அப்படித்தான். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒட்டவில்லை என்றால் அலுமினியத்தின்மேல் நிக்கசில் என்ற கடினமான பூச்சு, அதை போர் போட்டால் பூச்சு போய்விடும், மறுபடி பூசித்தான் தர வேண்டும், அதற்கென்று இருக்கும் பட்டறைக்கு அனுப்பணும்.

ஆனால் கோடுபோலத் தெரிவது பல சமயம் சிலிண்டரில் ஒட்டிக்கொண்ட பிஸ்டனின் அலுமினியம்தான். மியூரியாட்டிக் (ஹைட்ரோகுளோரிக்) அமிலத்தை பட்ஸில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் தடவினால் நுரைத்துக் கரையும். கையுறை, கண்ணாடி, திறந்தவெளி. போர்ட் ஓரத்தில் பூச்சு இல்லாத அலுமினியத்தில் பட்டால் அதையும் தின்னும், அதனால் நிதானம் வேண்டும். கழுவிய பிறகு நகம் மாட்டாமல் வழவழவென்று இருந்தால் சிலிண்டர் பிழைத்தது.

மேலே மட்டும் புதுசாப் போட்டா கீழே கிராங்க் போயிடும்னு சொல்றாங்களே, உண்மையா?

புது பிஸ்டன் கிராங்க்கைக் கெடுக்காது. மேலே புதிதாக்கிய உற்சாகத்தில் 14,000 ஓடிய கிராங்க்கை யாரும் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள், அது தன் நேரத்துக்குப் போகிறது, பழி பிஸ்டன்மேல் விழுகிறது. சிலிண்டரைக் கழற்றியிருக்கும்போதே ராடை, அதாவது பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கம்பியை, பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள், துளியும் ஆடக் கூடாது, பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது சகஜம். டயல் கேஜ் வைத்து கிராங்க் முனையைச் சுற்றினால் முள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் ஆட வேண்டும், அளவு உங்கள் இன்ஜின் புத்தகத்தில் இருக்கும்.

டூ-ஸ்ட்ரோக் கிராங்க் துண்டுகளாக அழுத்திச் சேர்க்கப்பட்டது. பேரிங் மாற்றிக் கோணம் பிசகாமல் அழுத்துவது பட்டறை வேலை, கராஜில் முடியாது. நாம் செய்யக்கூடியது இன்ஜினை இறக்கி, கேஸைப் (கிராங்க் இருக்கும் அடிக்கூடு) பிரித்து, கிராங்க்கைக் கொடுத்து வாங்குவது. பிஸ்டன் உடைந்து சில்லுகள் கீழே போயிருந்தால் யோசிக்கவே வேண்டாம், கேஸைப் பிரித்தே ஆகணும். மேலிருந்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுகிறேன் என்று வருபவர்களை நான் உள்ளே விடுவதில்லை.

ஆயில் பம்ப் நம்பிக்கை இல்லை. கழற்றிவிட்டு பெட்ரோலிலேயே ஆயில் கலக்கட்டுமா?

வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் பம்ப்புகள் அபூர்வமாகத்தான் கெடும். கெடுவது அதற்குப் போகும் குழாய், ஃபில்டர், கேபிள் சரிகட்டல். த்ராட்டில் கேபிளை மாற்றியவர்கள் பம்ப் நெம்புகோலில் உள்ள குறி பொருந்துகிறதா என்று பார்ப்பதே இல்லை. குழாயைப் புதிதாகப் போட்டால் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் ஓட்டணும்.

583, 670 மாதிரி ரோட்டரி வால்வு (சுழலும் தட்டு வால்வு) வைத்த பழைய ரோடாக்ஸ் வைத்திருப்பவர்கள் ஆயில் டாங்க்கைக் கழற்றவே கூடாது. உள்ளே வால்வைச் சுழற்றும் ஷாஃப்ட்டுக்கு ஆயில் அந்த டாங்க்கிலிருந்துதான் போகிறது.

கோடையில் ஆயில் டாங்க் தானாகக் காலியாகிவிட்டது, கீழே ஒரு சொட்டுகூட இல்லை. பேயா?

மேலே சொன்ன அதே ரோட்டரி வால்வு இன்ஜினா? அப்படியென்றால் அந்த ஷாஃப்ட்டின் சீல் போய்விட்டது, டாங்க் முழுவதும் கிராங்க்கேஸுக்குள் உட்கார்ந்திருக்கிறது. தயவுசெய்து ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஸ்டார்ட்டர் கயிற்றையும் பலமாக இழுக்காதீர்கள், திரவம் அமுங்காது, ராட் வளைந்துவிடும். பிளக் இரண்டையும் கழற்றி, பழைய துணி போட்டு, மெதுவாகச் சுற்றி வெளியேற்றுங்கள். பிறகு சீல் மாற்றுங்கள், அதற்கு இன்ஜின் வெளியே வர வேண்டும்.

கட்டி முடித்தாயிற்று. முதல் ஓட்டம் எப்படி?

முதல் டாங்க்குக்கு மட்டும் பம்ப்போடு சேர்த்து பெட்ரோலிலும் 50-க்கு 1 ஆயில் கலந்துகொள்ளுங்கள், புகை வரும், வரட்டும். ஸ்டார்ட் செய்து சூடானதும் அணைத்து, முழுக்க ஆறவிட்டு, இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். இடையில் கூலன்ட் அளவைப் பாருங்கள், காற்று வெளியேறி அளவு இறங்கியிருக்கும். 10 மணி நேரம் அல்லது 500 கிலோமீட்டர் வரை த்ராட்டிலை ஒரே இடத்தில் பிடித்து ஓட்டாதீர்கள், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். ஈத்தர் ஸ்பிரே அடித்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம் டூ-ஸ்ட்ரோக்குக்கு ஆகாது, அது ஆயிலைக் கழுவிவிடும்.

டிராக்கைத் தூக்கி வைத்து ஓட்டிப் பார்ப்பதாக இருந்தால் சரியான ஸ்டாண்டில் வையுங்கள், பின்னால் யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள். பிடிப்புக்காக டிராக்கில் மாட்டிய ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தால் தோட்டா மாதிரிதான். கிளட்ச் மூடியும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும்.

உண்மையைச் சொல்லுங்கள், இவ்வளவு செலவு செய்வது லாபமா?

விற்பதற்காக என்றால் இல்லை, போட்ட காசு திரும்பி வராது. ஓட்டுவதற்காக என்றால், டனலும் சஸ்பென்ஷனும் நேராக இருந்து, மேல்வேலை மட்டும் போதும் என்றால் தாராளமாகச் செய்யலாம். கிராங்க், சிலிண்டர், டிராக் மூன்றும் ஒரே சமயத்தில் கேட்டால் நான் வேறு வழி பார்ப்பேன்: அதே மாடலில் முன்பக்கம் அடிபட்ட வண்டி ஒன்றை வசந்தத்தில், பனி போய் எல்லோரும் ஷெட்டைக் காலி செய்யும்போது வாங்குவது. கிளட்ச், ஸ்டேட்டர், சிடிஐ, கார்புரேட்டர், சக்கரங்கள் எல்லாம் கிடைத்துவிடும். வாங்கும்போது அதன் இன்ஜின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரே பெயரில் அடுத்தடுத்த வருடம் வந்த வண்டிகளில்கூட கேஸும் எலெக்ட்ரிக்கலும் மாறியிருக்கும், பாகம் வாங்கும்போது கடைக்காரர் முதலில் கேட்பதும் அதைத்தான்.